ஜெனோவா சான் லோரென்சோ பேராலயம்: கேட்டதும் சொன்னதும்

இத்தாலியின் பழைய துறைமுக நகரான ஜெனோவாவுக்குப் போக இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், எங்கள் கப்பல் ஆறு மணி நேரம்தான் நிற்கும். பேராலயம் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. பழைய துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முகப்பு தெரிந்தால் அதுதான். மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். தோள் மூடிய உடை நல்லது.

கேள்வி: உள்ளே வெடிகுண்டு இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. வலப்பக்கச் சுவரோரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நகரைச் சுட்டபோது ஒரு குண்டு சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. கப்பலின் கனத்த இரும்பைத் துளைக்கச் செய்த குண்டு அது. கோயில் சுவர் அதற்குப் பஞ்சு மாதிரி, அதனால்தான் வெடிக்கவில்லை என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஊர்க்காரர்களுக்கோ அது மாதா செய்த அற்புதம். பக்கத்துக் கல்வெட்டும் அப்படித்தான் நன்றி சொல்கிறது. அதே நாளில் நகரில் மற்றவர்கள் செத்ததை நினைத்தால் எனக்கு அந்தக் கல்வெட்டு முன்னால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கேள்வி: இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த யோவானின் தலை டமாஸ்கஸில் இருப்பதாகப் படித்தேன். ஜெனோவாவில் என்ன இருக்கிறது?

பதில்: தலைக்கு ரோமும் பிரான்சின் அமியானும்கூட உரிமை கொண்டாடுகின்றன! ஜெனோவா கேட்பது சாம்பலை மட்டும். ரோமப் பேரரசர் ஜூலியன் காலத்தில் யோவானின் கல்லறையை உடைத்து எலும்புகளை எரித்தார்கள் என்பது பழைய வரலாறு. மிஞ்சிய சாம்பல் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் இருந்ததாம். ஜெனோவா மாலுமிகள் அங்கே புனித நிக்கோலாஸின் எலும்புகளைத் தேடிப் போனார்களாம். இத்தாலியின் பாரி ஊர்க்காரர்கள் 1087லேயே அதை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சரி, கிடைத்ததை விடுவானேன் என்று 1098ல் இந்தச் சாம்பலைக் கொண்டுவந்தார்களாம். ஜூன் 24 அன்று சாம்பல் பேழை பவனியாகத் துறைமுகம் வரை போகும், கடலை ஆசீர்வதிப்பார்கள். முடிந்தால் அந்த நாளில் போங்கள்.

கேள்வி: பேராலயத்தில் யோவானுக்கு இருக்கும் சிற்றாலயத்துக்குள் பெண்கள் போகக் கூடாதாமே, அண்ணா? அம்மாவும் வருகிறார்.

பதில்: அது பழைய கதை. யோவானின் தலையைக் கேட்டு வாங்கியவர்கள் ஏரோதியாளும் அவள் மகளும், அதனால் பெண்களுக்குத் தடை என்று பல காலம் வைத்திருந்தார்கள். வெட்டச் சொன்ன அரசன் ஏரோது ஆண் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது தடை கிடையாது, அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: இயேசுவின் கடைசி இராவுணவுப் பாத்திரம் என்கிறார்களே, அது எங்கே?

பதில்: கீழே கருவூல அருங்காட்சியகத்தில், தனி டிக்கெட். அறுகோணப் பச்சைத் தட்டு. சிலுவைப் போரில் பாலஸ்தீனத்தின் செசரியாவிலிருந்து 1101ல் வந்தது. இயேசு கடைசியாக உண்ட பாத்திரம் என்றும், முழு மரகதம் என்றும் நம்பினார்கள். நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குப் போனது. கண்ணாடி என்று தெரிந்தது. 1816ல் உடைந்து திரும்பியது. ஒரு துண்டைக் காணோம். ஒட்டிய கோடுகளை நெருங்கிப் பாருங்கள். எனக்கு மரகதத்தைவிட அதுதான் பிடிக்கும்.

கேள்வி: குழந்தைகளுக்கு?

பதில்: முகப்பில் தூங்குகிற குட்டி நாய் ஒன்று செதுக்கியிருக்கிறது, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிற்பி தன் செத்துப்போன நாயை அங்கே படுக்க வைத்தார் என்பது ஊர்க்கதை. நடு வாசலுக்கு வலப்பக்கம் தேடுங்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.