மடக்கும் மொபிலிட்டி ஸ்கூட்டரை வட சென்னைத் தெருக்களில் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. மடக்கி எடுத்துப் போகக்கூடிய பேட்டரி மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சின்ன வண்டி) வாங்கிக் கொடுத்திருக்கிறோம். 20 வருடம் டிவிஎஸ் 50 ஓட்டியவர் என்பதால் அவர் தைரியமாக இருக்கிறார், எங்களுக்குத்தான் பயம். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பதில்: எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். கடைக்கும் வங்கிக்கும் இந்த வகை வண்டியில்தான் போய் வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது, அப்பா டிவிஎஸ் 50 ஓட்டியவர் என்பதுதான்.

மொபெட்டிலும் சைக்கிளிலும் ஆபத்து என்றால் கை தானாக இறுக்கும், ஏனென்றால் பிரேக் அங்கேதான் இருக்கிறது. மொபிலிட்டி ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. ஹேண்டிலை ஒட்டி இருக்கும் சின்ன லீவரை விரலால் இழுத்தாலோ கட்டைவிரலால் அழுத்தினாலோ வண்டி நகரும். லீவரை விட்டால் மோட்டார் நின்று, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் அப்பாவின் 20 வருடப் பழக்கம் கையை இறுக்கச் சொல்லும். இறுக்கினால் வண்டி குழந்தையை நோக்கித்தான் பாயும்.

அதனால் முதலில் அவருக்குக் கையை விடப் பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவாகப் பார்த்து, வேக டயலை ஆமைப் படம் இருக்கும் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, அவரை நேராக ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நடந்துகொண்டே, அவர் எதிர்பார்க்காத நேரத்தில் "கையை விடுங்க" என்று சொல்லுங்கள். பேசிக்கொண்டு போகும்போது சொல்லுங்கள், திருப்பத்தில் சொல்லுங்கள். யோசிக்காமல் விரல் விரிய வேண்டும், அதுவரை பெரிய தெருப் பக்கமே போக வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒன்று சொல்லி வையுங்கள்: அவசரத்தில் "பிரேக், பிரேக்" என்று யாரும் கத்தக்கூடாது. அதைக் கேட்டால் அவர் கை பழையபடி இறுகிவிடும். "விடுங்க" என்றே கத்துங்கள். உங்கள் மாடலில் தனியாகக் கைப்பிரேக் இருந்தால், முதலில் லீவரை விட்டு, அப்புறம் பிரேக்கைப் பிடிக்கும் வரிசையில் பழக்குங்கள்.

இதே லீவரால் வருகிற இன்னொரு ஆபத்து, ஏறும்போதும் இறங்கும்போதும். முழங்கால் வலி இருப்பவர்கள் எழும்போது எதையாவது பிடித்து ஊன்றிக்கொள்வார்கள். கைக்கு எட்டுவது ஹேண்டில். சாவி ஆனில் இருந்தால், ஊன்றிய கை லீவரில் பட்டு, பாதி எழுந்தவரை வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். உட்கார்ந்து, இரண்டு காலையும் பலகையில் வைத்த பிறகுதான் சாவி. இறங்கும்போது முதலில் சாவியைத் திருப்பி எடுத்து, அப்புறம் எழ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேச நின்றாலும் சாவியை அணைக்கச் சொல்லுங்கள். ஹேண்டிலில் காய்கறிப் பையை மாட்டவே கூடாது. பை சரிந்து லீவரை அழுத்தும், எடையால் ஹேண்டிலும் ஒரு பக்கம் இழுக்கும். கூடை இருந்தால் அதில் கொஞ்சமாக வையுங்கள், அரிசி மூட்டையை வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

பின்சக்கரத்துப் பக்கம் ஃப்ரீவீல் லீவர் என்று ஒன்று இருக்கும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரையும் பிரேக்கையும் சக்கரத்திலிருந்து விடுவிப்பது அது. அந்த நிலையில் தானாகப் பிடிக்கும் பிரேக் வேலை செய்யாது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தொடக்கூடாது, சரிவில் ஒருபோதும் கூடாது. தெருப் பிள்ளைகள் ஆசையாகத் தள்ளிப் பார்ப்பார்கள், அன்பாகவே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

மடக்கும் வண்டி எடை குறைவானது, சக்கரமும் சின்னது. ஆள் உட்கார்ந்ததும் மொத்த எடையும் மேலே போய்விடும். மூன்று சக்கர மாடல் சந்தில் லேசாகத் திரும்பும், ஆனால் வேகத்தோடு திருப்பினால் நான்கு சக்கரத்தைவிடச் சீக்கிரம் கவிழும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் பக்கம் ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதால், வீட்டு வாசல்களில் ஆளாளுக்கு ஒரு சிமெண்ட் சரிவு கட்டியிருக்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் சரிவு இருக்க வேண்டும் என்பதுதான் சக்கர நாற்காலிக்கான கணக்கு. தெருவில் இருப்பவை மூன்றடி, நான்கடிதான். உங்கள் வீட்டு வாசலில் முறையான சரிவுக்கு இடமில்லை என்றால், அவர் கீழே இறங்கிய பிறகு நீங்கள் வண்டியை இறக்குங்கள். ஏற வேண்டியே வந்தால், உடம்பை முன்னால் சாய்த்து நேராக ஏற வேண்டும். குறுக்கே ஏறுவதும் சரிவின் நடுவில் திருப்புவதும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சர்க்கரை என்று சொன்னீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கால் பலகையை விட்டு வெளியே போய்த் தரையில் உரசுவது அவருக்குத் தெரியாது. அந்தப் புண் ஆறுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ள செருப்போ ஷூவோ போடட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை ஒரு முறை பாருங்கள். லுங்கி, வேட்டி கட்டுபவர் என்றால் நுனியைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும், தொங்கினால் பின்சக்கரம் சுருட்டிவிடும். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

சரி, ரோட்டுக்கு வருவோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர், மணலி சாலைகளிலும் துறைமுகத்துக்குப் போகிற, வருகிற கண்டெய்னர் லாரிகளை அப்பா வாழ்நாள் முழுக்கப் பார்த்திருப்பார். ஆனால் நின்றுகொண்டும் டிவிஎஸ்ஸில் உட்கார்ந்தும் பார்த்தார். இப்போது அவர் தலை இன்னும் தாழ்வாக இருக்கும். கேபினுக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்கும் ஆள் டிரைவர் கண்ணில் படுவதே இல்லை. டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடது பக்கமும் பெரிய மறைவு. வரிசையில் நிற்கிற லாரிகளுக்கு இடையில் புகுந்து கடப்பதை அவர் முற்றிலும் கைவிட வேண்டும். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்பக்கம் ஒரு கம்பியில், தலைக்கு மேல் உயரத்தில், ஆரஞ்சு நிறக் கொடி கட்டுங்கள். இரவில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். அவசியமில்லாவிட்டால் இருட்டிய பிறகு போகவே வேண்டாம்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டைக் கடக்க வேண்டியிருந்தால், கேட்டை ஒட்டி முன்னால் போய் நிற்கக்கூடாது. திறந்தவுடன் இரண்டு பக்கத்து பைக்குகளும் ஒரே நேரத்தில் பாயும். அவர்களை விட்டுவிட்டு, ஓய்ந்ததும் போகலாம். தண்டவாளத்தை நேர் குறுக்காக, செங்கோணத்தில்தான் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கி மாட்டிக்கொள்ளும். வடிகால் மூடிகளின் இடுக்கிலும் இதேதான் நடக்கும். உடைந்த சிலாப் மேல் ஏறாமல் சுற்றிப் போவது நல்லது.

மழையில் வெளியே எடுக்கக் கூடாது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த குழி இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, மோட்டாரும் இணைப்புகளும் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில்தான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பேட்டரியைக் கழற்றி உயரமான அலமாரியில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்கே தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய லித்தியம் பேட்டரியை உலர்த்திவிட்டு சார்ஜ் போடக்கூடாது. உள்ளே ஷார்ட் ஆகி, நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

சார்ஜ் போடும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹவுசிங் போர்டு வீடுகளிலும் சேர்ந்திருக்கும் குடித்தனங்களிலும் இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி அங்கேயே வயரை இழுத்து மாட்டுகிறார்கள். தீ என்று வந்தால் மேல் வீட்டுக்காரர்கள் வெளியேற இருக்கிற ஒரே வழி அந்தப் படிதான். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் உள்ளே கொண்டுவந்து, வாசலை மறைக்காத இடத்தில், கட்டில், துணி, பேப்பர் பக்கத்தில் இல்லாமல், வெறும் தரையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். வெயிலில் போய் வந்த உடனே போடாமல், தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். வெளியே போகும்போது சார்ஜ் அளவு பாதி காட்டினாலே வீட்டுப் பக்கம் திரும்பிவிட வேண்டும். மேட்டிலும் மோசமான ரோட்டிலும் அது சட்டென்று இறங்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவிலோ காரிலோ ஏற்றிப் போவதென்றால் சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றிய பிறகு மடக்குங்கள். மடங்கியதும் பூட்டு விழுந்ததா என்று ஒரு முறை ஆட்டிப் பாருங்கள், விழாவிட்டால் தூக்கும்போது விரிந்து விரல் நசுங்கும். சீட்டையோ ஹேண்டிலையோ பிடித்துத் தூக்காமல் அடிச்சட்டத்தைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்குங்கள். பேட்டரி இல்லாமலும் இந்த வண்டிகள் பல 20 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அப்பாவைத் தூக்க விடாதீர்கள், அவர் கண்டிப்பாக முயற்சி செய்வார்.