மூவ் என்ற சொல்லின் இரண்டு பொருள்கள்

அன்புள்ள ஐயா,

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 31 ஆண்டுகள் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதி ஓய்வு பெற்றவன் நான். மூன்று மாதமாக ரஸ்ட் என்ற புதிய கணினி மொழி கற்கிறேன். பெயர் ஒன்றை ஃபங்ஷனுக்கு, அதாவது நிரலின் ஒரு துணைப்பகுதிக்கு, அனுப்பிவிட்டு அடுத்த வரியில் அச்சிட முயன்றால் பிழை என்கிறது. 63 வயதில் இது மண்டையில் ஏறாதோ? எந்த வகுப்பில் சேரலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வகுப்பு வேண்டாம். ரஸ்டின் அடிப்படைப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வயதைக் காரணம் காட்டினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களைத் தடுப்பது வயதன்று, மூவ் என்ற ஒரே சொல்.

கோபோலில் ‘மூவ் ஏ டு பி’ என்று எழுதினால் ஏ இருந்த இடத்திலேயே இருக்கும், பி-க்கு அதன் நகல் போகும். பெயர்தான் நகர்த்தல், நடப்பது நகலெடுத்தல். 31 ஆண்டுகள் அப்படியே புழங்கிய உங்கள் கை, மதிப்பை எங்கே அனுப்பினாலும் மூலம் தன்னிடமே இருக்கும் என்று நம்புகிறது. ரஸ்டில் மூவ் என்றால் மெய்யாகவே மூவ்தான்: பெயர் போன்ற ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துக் கோவையை, ஃபங்ஷனிடம் கொடுத்தால், நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்ததுபோல உரிமையே கைமாறிவிடுகிறது, அதன்பின் நீங்கள் அதில் விதைக்க முடியாது. முழு எண்கள் நகலாவதால் உங்களுடைய பழைய நம்பிக்கை பாதி நேரம் பலித்தும் விடுகிறது. குழப்பம் அங்கேதான் வேர்விடுகிறது. இரவலாகக் கொடுக்க முன்னால் & குறி இடுங்கள், தனிப்படி வேண்டுமென்றால் குளோன் செய்யுங்கள்.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சொல்வதை நீங்கள் படிக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘இப்படியானால் இதைச் செய்’ என்னும் இஃப் வாக்கியம் ஒன்றை முடித்துவைக்கும் முற்றுப்புள்ளி, வரியின் 73-ஆம் எழுத்துக் கட்டத்தில் விழுந்துவிட்டது. அன்றைய கோபோல் கம்பைலர் 72-ஆம் கட்டத்தைத் தாண்டிய எதையும் பார்க்காது. ஆகவே எப்போதும் நடக்க வேண்டிய அடுத்த கூட்டல், அந்த இஃப்புக்குள் சிக்கி, நிபந்தனை பொருந்தியபோது மட்டும் நடந்தது. பிழைச்செய்தி ஒரு வரிகூட வரவில்லை. தாளில் அந்தப் புள்ளி கண்ணெதிரே இருக்க, இரண்டு இரவுகள் தேடினேன். உங்களுக்கோ மதிப்பு கைமாறிய வரியையும், அதன்பின் அதைத் தொட்ட வரியையும் கோடிட்டே காட்டுகிறது ரஸ்ட். எனக்கு அன்று கிடைக்காத துணை அது.

இன்றிரவு அதே நிரலை மறுபடி ஓட்டி, E0382 என்ற பிழை எண்ணோடு வரும் அந்தச் செய்தியைக் கடைசி வரிவரை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். பிறகு எனக்குக் கடிதம் போடுங்கள்.