குழந்தைக்கான பால் பவுடர் கட்டி தட்டாமல், அளவு மாறாமல் வருவதற்கு என்ன வழி?

சென்னையில் இருக்கும் தாங்கள், திறந்த சில நாட்களிலேயே டப்பாவிலுள்ள பவுடர் கட்டி தட்டிவிடுகிறது என்றும், தானாக அளந்து கொட்டும் கருவி வாங்கினால் இது சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பால் பவுடர் ஆலை ஒன்றில் உலர்த்தும் பிரிவிலும் டப்பாவில் அடைக்கும் பிரிவிலும் பணியாற்றியவன் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பவுடர் பொலபொலவென்று உதிர வேண்டும் என்பது வசதிக்காக மட்டும் அன்று. ஸ்கூப் அளப்பது பவுடர் பிடிக்கும் இடத்தைத்தான், எடையை அன்று. 10 மில்லி கொள்ளும் ஸ்கூப்பில் தளர்வாக விழுந்த பவுடர் 4.5 கிராம் நிற்கும் என்றால், அதையே அமுக்கி எடுக்கும்போது 5 கிராமையும் தாண்டிவிடலாம். தொடர்ந்து கெட்டியாகக் கொடுத்தால் குழந்தைக்கு மலச்சிக்கலும் நீரிழப்பும் வரக்கூடும். நீர்த்துக் கொடுத்தால் எடை ஏறாது. எனவே கட்டி தட்டுவதும் அளவு தவறுவதும் ஒரே சிக்கலின் இரு முகங்கள்.

இந்தப் பவுடரில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பு. பாதியளவு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. துகளின் மேற்பரப்பில் கசிந்து நிற்கும் கொழுப்பு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. லாக்டோஸ் செய்யும் கேடு அதைவிடப் பெரிது. பாலைத் தெளித்து நொடிகளில் உலர்த்துவதால் அது படிகமாகச் சேர நேரம் இன்றிக் கண்ணாடி போன்ற நிலையில் உறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தாண்டினால், அறை வெப்பநிலையிலேயே அது ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் பிரித்து வைத்த மிட்டாய் போலப் பிசுபிசுக்கத் தொடங்கும். பக்கத்துத் துகள்கள் அந்தப் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொள்ள, பிறகு லாக்டோஸ் படிகமாகும்போது அந்த ஒட்டு கல்லாக இறுகிவிடுகிறது. சென்னைக் காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60 சதவீதத்துக்கு மேலேயே இருப்பதால், மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும்.

ஆலையில் இதற்குச் செய்யும் முதன்மையான வேலை, நுண்துகள்களை மீண்டும் ஈரத் தெளிப்புக்குள் அனுப்பிச் சிறு சிறு திரள்களாக்குவது. 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த துகள்கள் தம் எடையால் விழுவதைவிட ஒட்டிக்கொள்வதே அதிகம். திரள்களாகிவிட்டால் உருண்டு ஓடும். ஆனால் லாரிப் பயணத்தின் குலுக்கலில் திரள்கள் உடைந்து தூளாகலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு டப்பாக்கள் வெவ்வேறு விதமாக உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பால் கலக்க வைத்திருக்கும் வெந்நீரிலிருந்துதான். இந்தப் பவுடர் கிருமி நீக்கப்பட்டதன்று. குரோனோபேக்டர் போன்ற கிருமிகள் அதில் இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதில் சமரசம் கூடாது. ஆனால் புட்டியின் வாயிலிருந்து எழும் ஆவி ஸ்கூப்பில் படிகிறது. அந்த ஸ்கூப் டப்பாவுக்குள் திரும்பும்போது ஈரமும் உள்ளே போகிறது. ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு முன்பே, அடுப்பிலிருந்து தள்ளி, உலர்ந்த கையால் தேவையான ஸ்கூப்புகளை அளந்து, உலர்ந்த சிறு டப்பா ஒன்றில் போட்டு மூடி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புட்டியில் முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அதன்மேல் பவுடரைக் கொட்டலாம். பால் கைச்சூட்டுக்கு ஆறிய பின்பே புகட்ட வேண்டும். அளக்கும்போது அமுக்காமல், ஸ்கூப்பைத் தட்டாமல், மேலே நிற்பதை மட்டும் வழித்துவிடுங்கள். டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த பவுடரின் மீது காற்றின் ஈரம் படிந்துவிடும்.

இனி கருவி. பவுடர் கொட்டும் கூம்புகளைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளம் இட்ட ஆண்ட்ரூ ஜெனிக்கி, 1964இல் யூட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட தம் அறிக்கையில் காட்டியது இங்கேயும் பொருந்தும். கூம்பின் சுவர் போதிய அளவு செங்குத்தாகவும் வழவழப்பாகவும் இல்லை என்றால், நடுப்பகுதி மட்டும் குழியாக இறங்கி ஓரங்கள் அப்படியே நின்றுவிடும். துளை சிறிதாக இருந்தால் பவுடர் அதன்மேல் வளைவாகக் கட்டிக்கொள்ளும். வீட்டுக் கருவியில் அந்தத் துளைக்கு நேர் கீழேயே வெந்நீர் விழுகிறது என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. துளையோரத்தில் ஈரப் பவுடர் ஒட்டத் தொடங்கியதும், கருவி நின்றுவிடாமலே அளவு குறையும். கலக்கிய பாலின் நிறத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வாங்குவதாக இருந்தால் 0.1 கிராம் காட்டும் தராசையும் சேர்த்து வாங்கி, தண்ணீர் விடாமல் பவுடரை மட்டும் பத்து முறை கொட்டச் செய்து ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். டப்பாவில் குறித்த எடையோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, முறைக்கு முறை மாறுகிறது என்றாலோ, அந்தக் கருவியை நம்ப வேண்டாம். ஒத்துப்போனாலும் துளைப் பகுதியை நாள்தோறும் கழுவி முழுமையாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். என் வீட்டுக் குழந்தைக்கு என்றால் நான் ஸ்கூப்பையே தேர்ந்தெடுப்பேன்.

டப்பாவுக்குள் அரிசி முடிச்சோ, சிலிக்கா பையோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உணவுக்குள் வெளிப்பொருள் எதுவும் போகக் கூடாது என்பதால் அதைச் செய்யாதீர்கள். விரலால் தொட்டதும் உதிரும் கட்டி, பவுடர் தன் எடையால் அமுங்கியதாக இருக்கலாம். நசுக்கினாலும் உடையாத கட்டியோ, காறல் வாடையோ இருந்தால், சலித்து மீட்க முயலாமல் டப்பாவை அப்படியே கழித்துவிடுங்கள்.