பச்சைப் பொய்யா?

கே: பிரிட்டனின் யார்க் ரயில்வே மியூசியத்தில் இருக்கும் 'பாக்ஸ்ஹில்' என்ற குட்டி நீராவி எஞ்சினின் படம் பார்த்தேன். கடுகைக் குழைத்துப் பூசினாற்போல் மஞ்சள். கீழே 'மேம்படுத்தப்பட்ட எஞ்சின் பச்சை' என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

ப: பிழையும் இல்லை, பச்சைப் பொய்யும் இல்லை. அந்தச் சாயத்தின் பெயரே அதுதான்! வைத்தவர் வில்லியம் ஸ்ட்ரவுட்லி. லண்டன் பிரைட்டன் ரயில்வேயின் எஞ்சின் பிரிவுத் தலைவர். மனிதருக்கு நிறக்குருடு என்று ஒரு கதை உண்டு. நான் நம்புவதில்லை. முதலாளிகள் பச்சையைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து பெயரை மட்டும் பச்சையாக்கிவிட்டார் என்பது என் ஊகம்.

அந்த எஞ்சின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சக்கரம் என் மார்பளவு கூட வராது, 4 அடி. அதே ஸ்ட்ரவுட்லி எக்ஸ்பிரஸ் ரயிலுக்காகச் செய்த 'கிளாட்ஸ்டன்' எஞ்சினுக்குச் சக்கரம் ஆறரை அடி!

கே: அவ்வளவு சின்னதாக ஏன் செய்தார்கள்?

ப: தெற்கு லண்டனில் நின்று நின்று போகும் உள்ளூர் ரயில்களுக்காக. சில பாதைகளில் தண்டவாளம் லேசானது, கனத்தைத் தாங்காது. தேம்ஸ் நதிக்கடியில் நடந்து போகிறவர்களுக்காக 1843-ல் திறந்த சுரங்கம் பிற்பாடு ரயில் பாதையானது. அதிலிருந்து மேலேறுவது செங்குத்து. சின்னச் சக்கரம் என்றால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகமெடுக்கலாம், ஏற்றத்திலும் மூச்சுப் பிடித்து ஏறலாம். 1872 முதல் 1880 வரை மொத்தம் 50, எல்லாம் பிரைட்டன் பட்டறையில். எடை 28 டன்னுக்குச் சற்று முன்பின். புகைபோக்கியின் 'வள் வள்' சத்தத்தைக் கேட்டு 'டெரியர்' என்று நாயின் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

ஸ்ட்ரவுட்லியிடம் எனக்குப் பிடித்தது வேறு. எஞ்சினை ஓட்டுபவரின் பெயரை கேபினுக்குள்ளேயே எழுதி வைத்தார். தன் பெயர் போட்ட வண்டியை எவன் அழுக்காக விடுவான்?

கே: இப்போது எத்தனை மிச்சம்?

ப: பத்து. ஹெய்லிங் தீவுக்குப் போன மரப்பாலம் கனமான எஞ்சினைத் தாங்காது என்பதால் 1963 வரை அங்கே டெரியர்தான் ஓடியது. 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய 'பிரைட்டன்' என்ற டெரியர் இன்று வைட் தீவில், 'நியூபோர்ட்' என்ற பெயரில். அதற்கும் பெயர் மாற்றம்தான்!