கையே வைக்கவில்லை, அப்படியும் அது பாலியல் துன்புறுத்தலா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேலாளர் இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் "அந்தச் சேலையில சூப்பரா இருந்தீங்க", "தனியா வெளிய போலாமா" என்று அனுப்புகிறார். முடியாது என்று சொன்னதிலிருந்து எல்லார் முன்னாலும் கத்துகிறார், சம்பள உயர்வையும் நிறுத்திவிட்டார். ஆனால் தொட்டதில்லை. தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. கடைசி மெசேஜ் போன மாதம் வந்தது. புகார் கொடுக்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஏ.கே. சோப்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இலேயே அதைத் தெளிவாக்கிவிட்டது. 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பாலியல் சாயல் கொண்ட பேச்சு, இணங்கக் கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது எல்லாமே வரும். அவர் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பார். உங்களுக்கு அது விருப்பமில்லாதது என்பதே சட்டத்துக்கு முக்கியம்.

வேலையில் பிழை வந்ததற்காக மேலாளர் கத்துவது மட்டும் இந்தச் சட்டத்தில் வராது. மறுத்த பிறகு கத்தத் தொடங்கி, சம்பள உயர்வையும் நிறுத்தியதால்தான் உங்கள் விஷயம் வேறாகிறது. அதனால் மறுத்த தேதியைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள்.

கெடு மூன்று மாதம். தொடர்ச்சியான சம்பவங்களில் அது கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்காகும். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு (பலரும் விசாகா கமிட்டி என்பது இதைத்தான்) இருந்தே ஆக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவென்றாலோ முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

புகார்கள் வலுவிழப்பது பெரும்பாலும் எழுத்தில்தான். "தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் குழுவுக்கு எதுவும் புரியாது. கூச்சமாக இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள். ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு ஆறு பிரதிகள் கொடுக்க வேண்டும். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரியும், எண் தெரியாது. அந்த எண் உள்ள பக்கத்தையும் படமெடுங்கள். முழு வாட்ஸ்அப் உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், போனை மாற்றாதீர்கள். ஆரம்பத்தில் நீங்கள் மரியாதைக்கு "தேங்க்ஸ் சார்" என்று பதில் போட்டிருந்தால் அதை அழிக்க வேண்டாம். அது சம்மதம் ஆகாது. ஆனால் அழித்தது தெரிந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

நிரூபிக்க முடியாமல் போனால் வேலை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. நிரூபிக்க முடியாதது மட்டுமே பொய்ப்புகார் ஆகாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் போலீஸிலும் தனியாகப் புகார் கொடுக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

விசாரணை முடியும்வரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்கலாம். உங்கள் வேலை மதிப்பீட்டை அவர் எழுதக் கூடாது என்றும் கேட்கலாம். சம்பள உயர்வு அவர் கையில் இருப்பதால் இந்தக் கடைசிக் கோரிக்கையைப் புகாரோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.