விண்மீன் கொத்தும் விண்முகிலும் படமெடுக்க: கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் 8 இன்ச் டாப்சோனியன் (எளிய பீடத்தில் வைத்துத் திருப்பும் டெலஸ்கோப்) இருக்கிறது. ஓரியன் விண்முகில் (விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகம்) கண்ணுக்கு அருமையாகத் தெரிகிறது. கேமராவை மாட்டினால் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக வருகிறதே?

பதில்: டெலஸ்கோப்பில் குறை இல்லை. பூமி சுழல்வதால் ஓரியன் பகுதி நட்சத்திரங்கள் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கின்றன. உங்கள் 1200 மி.மீ. குவியத்தூரத்தில், 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா என்றால், ஒரே வினாடியில் இருபது பிக்சலுக்கு மேல் தள்ளிப்போய்விடும். டாப்சோனியனைப் பார்ப்பதற்கும், நிலா, கோள்களை வீடியோ எடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். விண்முகிலுக்கு வேண்டியது ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது வானத்தின் சுழற்சிக்கேற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி. அதன் அச்சு வானத் துருவத்தை (வானம் சுற்றுவதுபோலத் தோன்றும் மையப் புள்ளியை) பார்த்து நின்றால், ஒரே மோட்டார் வானத்தோடு சேர்ந்து சுழலும். பணத்தில் பெரும்பங்கை மவுண்டுக்கே ஒதுக்குங்கள். நல்ல மவுண்டில் ஏறிய 60 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), ஆட்டம் காணும் மவுண்டில் உள்ள பெரிய குழாயைவிட நல்ல படம் தரும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் ஒரே எக்ஸ்போஷரா, 30 வினாடியில் இருபதா?

பதில்: இருபது. காற்றடித்தாலோ செயற்கைக்கோள் குறுக்கே போனாலோ ஒரு ஃபிரேம்தான் வீண். எல்லாவற்றையும் சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள், இரண்டுமே இலவசம். ஆனால் மொத்தம் பத்து நிமிடம் போதாது. இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான கரகரப்பு) பாதியாக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்கு ஆக வேண்டும். மங்கலான விண்முகில் என்றால் நான் மூன்று நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து நிறுத்துவதில்லை.

கேள்வி: சிவப்பு நிறம் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: அந்தச் சிவப்பு ஹைட்ரஜன் தரும் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதை மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். நகர வெளிச்சத்தில் குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் நேரோபேண்ட் ஃபில்டர் போட்டால் இந்த வகை விண்முகில் நன்றாக வரும். விண்மீன் கொத்துக்கு அதனால் பயனில்லை. நட்சத்திரம் எல்லா நிறத்திலும் ஒளிர்வது.

கேள்வி: ஓரியன் நடுப்பகுதி வெள்ளையாக எரிந்துவிடுகிறது, ஐயா.

பதில்: அங்கே சரிவகம் போல நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 5 வினாடி போதும். வெளி இறக்கைகளுக்கோ 2 நிமிடமாவது வேண்டும். இரண்டு தொகுதியாக எடுத்துப் பிறகு இணையுங்கள். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் இதே விண்முகிலை 51 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தார். ஒரு விண்முகிலின் முதல் புகைப்படம் அது. அந்த நிமிடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

கேள்வி: ஃபோகஸ் சரிதானா என்று எப்படித் தெரியும்?

பதில்: பாஹ்தினோவ் மாஸ்க்கை (வரிவரியாகத் துளையிட்ட மூடியை) குழாயின் வாயில் வைத்து, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பாருங்கள். பெருக்கல் குறி போல இரண்டு கோடும், அவற்றின் குறுக்கே மூன்றாவதும் தெரியும். மூன்றாவது கோடு நட்டநடுவில் வெட்டினால் ஃபோகஸ் சரி. இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும். ஒருமுறை மாலையில் வைத்த ஃபோகஸை நம்பி விட்டுவிட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு எடுத்ததெல்லாம் ஊதிப்போயிருந்தது. இப்போது மணிக்கு ஒருமுறை மாஸ்க்கை வைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: முதலில் எதை எடுக்கலாம்?

பதில்: கார்த்திகைக் கொத்து. 400 மி.மீ. குவியத்தூரத்தில் முழுதாக அடங்கும், தேட வேண்டியதில்லை. நட்சத்திரங்கள் நான்கு மூலையிலும் உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக வந்த பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். நட்சத்திரங்களைச் சுற்றி நீலத் தூசிமூட்டம் மெல்ல எழுந்து வரும்.