ஓநாயை எந்தப் பாணியில் வரைவது?

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்காக எங்கள் தரம் 8 பிள்ளைகள் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை நவீன ஓவியங்களாக வரையப் போகிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு பாணி வைக்கலாமா?
– சித்திர ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: தாராளமாக வைக்கலாம் டீச்சர். ஆனால் பாணிகளைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். கதையின் அந்த இடம் எதைக் கேட்கிறது என்று முதலில் அவர்களோடு பேசுங்கள்.

ஓநாய் பாட்டி வேடத்தில் படுத்திருக்கும் கட்டிலையே பாருங்கள். "காது ஏன் இவ்வளவு பெரிசு? கண் ஏன்? பல் ஏன்?" இப்படிக் கேட்கும் சிறுமி அந்த முகத்தை முழுதாகப் பார்க்கவே இல்லை, துண்டு துண்டாகத்தான் பார்க்கிறாள். ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் வளர்த்த கியூபிசம், அதாவது ஒன்றையே பல கோணங்களில் துண்டு துண்டாக ஒரே படத்தில் காட்டும் பாணி, இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. பாட்டியின் தொப்பிக்குக் கீழே ஒரு கண் பாட்டியுடையது, மற்றது ஓநாயுடையது. மூக்கு பக்கவாட்டில், பற்கள் நேராக. இந்த ஒரு படத்துக்கு இரண்டு பாடவேளை கொடுத்தாலும் தகும். 1901இல் கண்டியில் பிறந்த நம் ஜோர்ஜ் கீற் வரைந்த பெண் முகங்களைக் காட்டுங்கள். பக்கவாட்டு முகத்தில் நேராகப் பார்க்கும் கண்ணைக் கண்டதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

காட்டுப் பாதைக்குப் புள்ளி ஓவியம். பஞ்சுக் குச்சியால் கிட்டத்தில் கடும் பச்சையை நெருக்கமாகவும், தூரத்தில் சாம்பலை ஐதாகவும் ஒற்றினால் உங்கள் பக்கத்துக் காலைப் பனிமூட்டம் தானாக வந்துவிடும்.

சிறுமிக்கு ஐரோப்பிய உடை எதற்கு? மழையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மாமார் தலையோடு போர்த்தும் கொங்காணியைச் சிவப்பாக்குங்கள், பார்த்தே வரையலாம். ஓநாயை மட்டும் சிறுத்தையாக மாற்ற வேண்டாம். சிறுத்தை நயமாகப் பேசி ஏமாற்றும் என்று நம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

"எனக்கு வரைய வராது" என்று ஒதுங்கும் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களுக்கு சுவிஸ் ஓவியர் வார்யா லவாத்தரின் வழி. 1965இல் இதே கதையை அவர் நிறப் புள்ளிகளாலேயே சொன்னார்: சிவப்பு சிறுமி, கறுப்பு ஓநாய், பச்சை காடு. நீளத் தாளை விசிறிபோல மடித்துக் கொடுங்கள். கறுப்பு சிவப்பை நெருங்கும் மடிப்பில் அவர்களுக்கே நெஞ்சு அடிக்கும்.

அப்புறம், முடிவு. 1697இல் வெளியான பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் கதை ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு முடிகிறது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுகிறான். எது வேண்டும் என்று வகுப்பே பேசித் தீர்மானிக்கட்டும். அதுவரை கடைசித் தாளில் யாரும் கைவைக்க வேண்டாம்.